ராஜா கேட்ட துவையல்

யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்தது இது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மங்கலக்குடி நாட்டின் அரசன் வாரிசில்லாமல் இறந்துபோனான். பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். அது மந்திரியைத் தாண்டியது, தளபதியைத் தாண்டியது, வைர வணிகரைத் தாண்டியது. சந்தையில் விறகு விற்றுக்கொண்டிருந்த செல்லாண்டியின் கழுத்தில் மாலையைப் போட்டது. ஊர் ஆரவாரித்தது. அவனுக்கோ அழுகை வந்துவிட்டது. இதைப் பார்க்க அம்மா இல்லையே! பெரிய வீடுகளில் வேலை செய்து அவனை வளர்த்த அவள் கண்மூடி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அரண்மனையில் எதற்குக் குறை? வேளைக்கு முப்பது வகைக் கறி. ஆனால் செல்லாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அரைத்துத் தந்த பச்சை நிறத் துவையல் ஒன்றுக்காக அவன் மனம் ஏங்கியது. அதை எதில் அரைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால், "சாமிக்குப் படைச்சதுடா, பேரு கேக்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தலைமைச் சமையல்காரர் விருபாட்சர் முதல் நாள் முந்திரியில் அரைத்தார். இரண்டாம் நாள் பாதாமில் அரைத்தார். மூன்றாம் நாள் கொத்தமல்லியோடு குங்குமப்பூவும் சேர்த்து அரைத்தார். மூன்று நாளும் ராஜா ஒரு வாய் வைத்துவிட்டு இலையைத் தள்ளினான்.

"எங்கம்மா கை இதுல இல்ல."

நாளாக நாளாக எலும்பும் தோலுமானான். வைத்தியர் கையை விரித்துவிட்டார். யானை மறுபடியும் மாலையைத் தூக்க வேண்டி வருமோ என்று ஊரே கலங்கியது.

சமையற்கட்டுக் குப்பையை அள்ளிக் கொட்டுகிறவள் காத்தாயி. அவள் தன் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த துவையலை ஓர் இலைத்துண்டில் கொண்டுவந்து நீட்டினாள். விருபாட்சர் முகம் சுளித்தார். ஆனாலும் தடுக்கவில்லை, வேறு வழி ஏது?

ராஜா ஒரு வாய் வைத்தான். கண்ணீர் ஒழுக ஒழுக, இலையை வழித்துச் சாப்பிட்டான்.

"எதுல அரைச்சீங்க, தாயி?"

காத்தாயி அவனைச் சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த குப்பைக்குழிக்குக் கூட்டிப்போனாள். விருபாட்சரும் பின்னாலேயே போனார். அன்று காலையில் சீவி எறிந்த பீர்க்கங்காய்த் தோல் அங்கே குவிந்து கிடந்தது.

"இதுதான் மகாராசா. பெரிய வீடுகள்ல வேல செய்யுற நாங்க இதத்தான் மடியில கட்டிக்கிட்டுப் போவோம். புள்ளைங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டோம்."

ராஜா குழியோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அம்மா எத்தனை வீட்டுக் கொல்லைகளில் குனிந்து பொறுக்கியிருப்பாள்!

"விருபாட்சரே, எங்கம்மாவ நான் எங்கெல்லாமோ தேடினேன். நாம அவளத் தெனமும் இங்கதான் கொட்டியிருக்கோம்" என்றான்.

அன்றே குழி மூடப்பட்டது. முப்பது வகைக் கறி மூன்றாயிற்று. காய் குழம்புக்குப் போனது, தோல் துவையலுக்குப் போனது, காம்பும் நாரும் ஆட்டுக்குப் போயின. ராஜா உடல் தேறினான். ஆனால் ஏக்கம் தேறவில்லை. துவையல் இலையில் விழும்போதெல்லாம், கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஆகவே, எதையும் வீணென்று எறியும் முன், அது யார் வீட்டுப் பிள்ளையின் பசியை ஆற்றும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.