ஆறாம் வருஷத்துக் காஞ்சி

அம்பலவாணன் தன் வாழ்க்கைக்கு இருபது வருஷத் திட்டம் போட்டு ஓலையில் எழுதி வைத்திருந்தான். எந்த வருஷம் எந்த நூல், எப்போது எந்த ஊர், எல்லாம் அதில் உண்டு. மடத்தில் யாரும் அதைக் கேலி செய்வதில்லை. செய்தால் உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டிவிடுவான்.

அவன் மடத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் காஞ்சியிலிருந்து ஒரு வண்டி வந்தது. அங்கே ஒரு பாடசாலையில் இலக்கணம் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். அவனையே அழைத்திருந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் வண்டி திரும்பிவிடும்.

குரு பொன்னையா தேசிகர் கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடனைவிட நாலு வயது இளையவர்.

“வரவில்லை என்று சொல்லப் போகிறேன், சுவாமி.”

“அட, ஏனப்பா? நீ ஆசைப்பட்ட வேலைதானே?”

“ஆசையா! கனவில்கூட அந்தப் பாடசாலைதான் வருகிறது. ஆனால் ஓலைப்படி காஞ்சி ஆறாம் வருஷம்தான்.”

“அதுவரை அந்த இடம் காலியாக இருக்குமா?”

“இருக்காது.” அவன் கையிலிருந்த ஓலையை நீட்டிக் காட்டினான். “யோசித்து யோசித்துப் போட்ட திட்டம். ஓரிடத்தில் கை வைத்தால் அத்தனையும் குலைந்துபோகும், சுவாமி.”

தேசிகர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு பழைய ஓலையைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

“நான் எழுதியது. வாசி.”

“முப்பதில் தஞ்சை அரண்மனைப் புலவர். முப்பத்தைந்தில் பல்லக்கு...” அம்பலவாணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பல்லக்கா!”

“சிரிக்காதே. திரைச்சீலை என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறேன். சரி, இந்த மடம் அதில் எங்கே இருக்கிறது, தேடு.”

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இல்லை.

“தஞ்சாவூர் போகிற வழியில் ஆற்றில் வெள்ளம். ஒன்பது நாள் இங்கே மாட்டிக்கொண்டேன். பொழுது போகாமல் நாலு பேருக்குப் பாடம் சொன்னேன். வெள்ளம் வடிந்துவிட்டது. எனக்குத்தான் போக மனம் வரவில்லை. இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறேன்.”

வாசலில் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

அம்பலவாணன் தன் ஓலையைப் பார்த்தான். “அப்படியானால் இதை அடுப்பில் போட்டுவிடட்டுமா?”

“ஐயையோ, அடுப்பிலா?” என்று பதறினார் தேசிகர். “தஞ்சாவூர் என்று எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நான் வீட்டு வாசலையே தாண்டியிருக்க மாட்டேன். பத்திரமாக மூட்டையில் வை. ஓடிப் போய் வண்டியில் ஏறு.”