சாரங்கபாணி மெச்சிய சர்வர்

கும்பகோணம் வைரக்கண்ணு பாத்திரக்கடையின் இணையதளத்தை வேறு ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வருக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. மேனேஜர் சாரங்கபாணிக்கு முகம் சுண்டிவிட்டது. பழைய சர்வர் அவர் பார்த்துப் பிடித்தது.

கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னிக்கு மாத்து. அஷ்டமி நவமியில மட்டும் கை வைக்காதே. துளி வித்தியாசம் இருந்தாலும் பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்லை."

திங்கட்கிழமை காலை, முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தளத்தைத் திறந்தார்.

"பாருங்க முதலாளி, ஒரு குத்துவிளக்குப் படம் வர்றதுக்குள்ள எண்ணெயே தீர்ந்துடும் போல. பித்தளை கூட மங்கலாத் தெரியுது. ஏம்மா, எல்லாத்தையும் உடனே மாத்து. பழையபடி இருக்கணும்."

"மாத்திடறேன் சார்."

பூங்கோதை கன்ட்ரோல் பேனலில் ஏதோ செய்தாள். காபி குடித்துவிட்டு வந்த சாரங்கபாணி மறுபடி திறந்தார்.

"ஆங், இதுதான் என் சர்வர். என்ன வேகம், என்ன பளபளப்பு."

"முதலாளி, நேத்து அஷ்டமி. சார் சொன்னபடி நான் கை வைக்கலை. காலையில சார் குறை சொன்னது பழைய சர்வரை. புது இடத்துல எல்லாத்தையும் தயாரா வெச்சிருந்தேன். இப்பதான் அதுக்கு மாத்தினேன்."

முதலாளி வைரக்கண்ணு மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினார். சாரங்கபாணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு நவமியாச்சேம்மா," என்று இழுத்தார்.

"அதனாலதான் சார், நீங்களே மாத்தச் சொல்ற வரைக்கும் காத்திருந்தேன்."