தலை எந்தப் பக்கம்?

"சாமி, எம் புருஷன் நடுராத்திரி போய்ச் சேர்ந்துட்டாரு. தூக்க ஆள் இல்ல."

மருதாயி வந்து இப்படிச் சொன்னபோது சாமி கொடுக்காப்புளி மரத்தடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"யாரு, வீரபுத்திரனா? நேத்துக்கூட மடத்துக்கு விறகு கொண்டாந்து போட்டானே!"

"தண்ணி கேட்டாரு சாமி. கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு."

சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர், வீரபுத்திரன், மருதாயி மூன்று பேருமே ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். மடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களும் இந்தப் புருஷன் பொண்டாட்டிதான்.

"தூக்க ஆள் இல்லையா? மடத்துல அத்தனை பேர் இருக்காங்களே!"

"இருக்காங்க. அதான் சாமி பிரச்சினையே."

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மடத்துக்காரர்கள் சாமியை நம்பி ஊர் வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள். போன வருஷம் ஒருவர் சாமியிடம், "நம்மில் ஒருத்தர் செத்தால் தலையை எந்தப் பக்கம் வைத்துப் புதைப்பது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறையச் சோறு. இடது கையை ஆற்றுப் பக்கம் ஒரு வீசு வீசினார்.

அவ்வளவுதான். தொலைந்தது.

நல்லசிவம் சொன்னார், "சாமி ஆற்றைக் காட்டிவிட்டார். தலை ஆற்றுப் பக்கம்."

செங்கோடன் சொன்னார், "காட்டினது இடது கை. நல்ல காரியத்தை எவனாவது இடது கையால் காட்டுவானா? தலை அந்தப் பக்கம் வேண்டாம் என்கிறார். கால்தான் ஆற்றுப் பக்கம்."

சாமியிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டால் அப்புறம் கட்சி எப்படி இருக்கும்?

தலைக்கட்சிக்கு ஓர் அடுப்பு, கால்கட்சிக்கு ஓர் அடுப்பு. ஆளுக்கொரு மணி. இவன் குடத்தில் அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். கால்கட்சியாவது ஒன்றாக இருந்ததா? படுக்க வைப்பதா, உட்கார வைப்பதா என்று அதுவும் பிளந்தது. உட்கார வைப்பவர்கள் தனியாகப் போய்க் கொட்டகை போட்டார்கள்.

இத்தனைக்கும் அதுவரை ஒருத்தரும் சாகவில்லை. வீரபுத்திரன்தான் முதல் ஆள்.

"குழி வெட்டியாச்சு சாமி. பாடையும் கட்டியாச்சு. பக்கத்துல நின்னுக்கிட்டுச் சண்டை போடறாங்க. எங்க சொல்படி வெச்சாத்தான் தோள் குடுப்போம்னு ரெண்டு பக்கமும் நிக்கிறானுங்க. வெயில் ஏறுது. ஈ மொய்க்குது. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாமி மெதுவாகச் சொன்னார், "மருதாயி, அன்னிக்கு நான் காக்கா விரட்டினேன்."

"என்னது?"

"அப்பளத்தைக் கொத்த வந்துச்சு. விரட்டினேன். கேள்வி காதுலயே விழல."

"அட பாவி மனுஷா!" சாமி என்பதே அவளுக்கு மறந்துபோனது. "அதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே."

"ரெண்டு அடுப்பு எரிஞ்சுதே, கண்ணு தெரியல?"

"கூட்டம் கூடிப்போச்சு, அதான் ரெண்டு அடுப்புன்னு நெனச்சேன்."

மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள். சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

பாடை வாசலில் கிடந்தது. இந்தப் பக்கம் நல்லசிவம் ஆட்கள், அந்தப் பக்கம் செங்கோடன் ஆட்கள். சாமியைக் கண்டதும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் சாமி. "அன்னிக்கு நான் எந்தப் பக்கமும் காட்டல. காக்கா விரட்டினேன். தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை.

நல்லசிவம் சிரித்துக்கொண்டே சொன்னார், "சாமி நம்மளைச் சோதிக்கிறாரு."

"ஆமா," என்றார் செங்கோடன். "உறுதியா நிக்கிறோமான்னு பாக்கிறாரு."

"சோதனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லய்யா! காக்கா!"

"விரட்டினது இடது கையாலதானே சாமி?"

"வலது கையில சோறு இருந்துச்சுடா!"

"என்ன சோறு சாமி? தயிர்ச்சோறா, குழம்புச்சோறா?"



அப்போது பின்னாலிருந்து ஒருவர் கணீரென்று கேட்டார், "காக்கான்னா யாரு? நம்ம பித்ருங்கதானே? பித்ருவையே சாமி ஆத்துப் பக்கம் அனுப்பியிருக்காரு. இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு காக்கா வந்து உத்தரவு குடுக்காம பொணத்தையே எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நான்கைந்து பேர் நகர்ந்துபோய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அண்ணாந்து வேறு பார்த்தார்கள்.

சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா, துக்கமா, அவருக்கே தெரியவில்லை.

மருதாயி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும் சாமி. நீங்க இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா இன்னொரு அடுப்பு கேப்பானுங்க. வண்டியைப் பிடிங்க."

வீரபுத்திரன் விறகு ஏற்றி வரும் கைவண்டி சுவரோரம் நின்றது. அதில் ஒட்டியிருந்த சிராய்களை முந்தானையால் தட்டிவிட்டாள். புருஷனின் தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

"பொம்பளை தூக்கக் கூடாது!" என்று கத்தினார் நல்லசிவம்.

"கூடவே கூடாது!" என்று கத்தினார் செங்கோடன்.

அதில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்றாக நின்றது.

"அப்ப நீங்க தூக்குங்கடா," என்றாள் மருதாயி.

யாரும் முன்னால் வரவில்லை. அவள் தலைமாட்டிலும் சாமி கால்மாட்டிலுமாகத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். சாமி முன்னால் இழுத்தார், அவள் பின்னால் தள்ளினாள். மேட்டில் ஏறும்போது சாமிக்கு மூச்சு வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

அத்தனை பேரும் பின்னாலேயே வந்தார்கள். துக்கத்துக்கு வரவில்லை. தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வந்தார்கள்.

சாமி குழிக்குள் இறங்கினார். மேலே நிமிர்ந்து மருதாயியைப் பார்த்தார்.

"நீ சொல்லு தாயி. தலை எந்தப் பக்கம்?"

கூட்டமே குழியை எட்டிப் பார்த்தது.

"காலை ஆத்துப் பக்கம் நீட்டுங்க."

"பாத்தீங்களா!" செங்கோடன் துள்ளிக் குதித்தார். "நாங்க சொன்னதுதான்! இடது கைன்னு நான் அப்பவே..."

"டேய்!" என்றாள் மருதாயி.

செங்கோடன் அடங்கினார்.

"அவருக்கு உள்ளங்கால் எரிச்சல்டா. ராத்திரியெல்லாம் எரியும். ஆத்துக்காத்து கால்ல பட்டாத்தான் கண்ணை மூடுவாரு. கல்யாணம் ஆன நாளா ஜன்னல் பக்கம்தான் கால் நீட்டிப் படுப்பாரு." அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள், "மல்லாக்கப் போடாதீங்க சாமி. ஒருக்களிச்சு வைங்க. மல்லாக்கப் படுத்தா இருமுவாரு."

சாமி அப்படியே ஒருக்களித்து வைத்தார். காலை நீட்டிவிட்டார். வேட்டியை இழுத்துக் கணுக்கால்வரை மூடப் போனார்.

"மூடாதீங்க. காத்து படட்டும்."

ஒவ்வொருவராக வந்து மண் போட்டார்கள். கடைசியாக நல்லசிவம் வந்தார். கைநிறைய மண்ணை அள்ளிக்கொண்டு, போடாமல் நின்றார். மெல்லக் கேட்டார்.

"அக்கா, அப்ப எனக்கு? என்னை எந்தப் பக்கம் வைக்கணும்?"

மருதாயி மூக்கைச் சிந்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு எப்படிய்யா தெரியும்? உன் வீட்டுக்காரியைப் போய்க் கேளு."