கூப்பிடாமலே வீடு திரும்பும் எருமை

எருமைகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவற்றுக்கு வீடும் கிடையாது, எஜமானும் கிடையாது. காட்டில் மேயும், வெயில் ஏறினால் ஏதாவது ஒரு நீர்நிலையில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். கோரைப்பள்ளம் என்ற ஊரின் ஏரியை அப்படி ஒரு கூட்டம் பிடித்து வைத்திருந்தது. மொத்தம் நாற்பது. வளைந்த கொம்புடைய பெண்ணெருமை ஒன்று அதற்குத் தலைவி.

ஒரு வருடம் கோடை பொல்லாததாகிவிட்டது. கிணறுகளெல்லாம் வற்றி, ஏரியின் நடுப்பள்ளத்தில் மட்டுமே தண்ணீர் மிஞ்சியது. அதிலும் எருமைகள் கிடந்தன. தடியோடு விரட்டப் போன ஒருவனைத் தலைவி முட்டித் தள்ளியது. விலா எலும்பு முறிந்து, காய்ச்சலில் "தண்ணி, தண்ணி" என்று அனத்திக்கொண்டு வீட்டில் கிடந்தான். அவனுடைய மனைவிதான் வேம்பாயி.

ஊர்த்தலைவர், காட்டு மாடுகளை அடக்குவதில் பேர்போன மல்லாண்டிக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்துசேர மூன்று நாளாகும். வேம்பாயியால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

"நில்!" என்றது தலைவி எருமை. "நீயும் அடக்க வந்தவளா?"

"தண்ணிக்கு வந்தவள்."

"முந்தாநாள் வந்தவனும் அதைத்தான் சொன்னான். கையில் தடி இருந்தது."

"அவர் என் புருஷன். தடி கொண்டு வந்தது தப்புதான். படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். ஒரு குடம் கொடு."

"உன்னை நான் எப்படி நம்புவது? உனக்கும் எனக்கும் பழக்கமே இல்லையே."

"பழகினால்தானே பழக்கம்?" என்று சொல்லிவிட்டு வேம்பாயி கரையில் உட்கார்ந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நகரவில்லை. உச்சிப்பொழுதில் எருமை தலையை உதறி உதறிப் பார்ப்பதைக் கண்டாள். காதுக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. "ஆடாமல் இரு" என்று சொல்லி, முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைப் பிடுங்கி எறிந்தாள். எருமை கொம்பை அசைக்கவில்லை. மூச்சு விடாமல் நின்றது.

"ஒரு குடம் எடுத்துக்கொள்" என்றது கடைசியில். "ஒன்றே ஒன்று."

அன்று புருஷன் தொண்டை நனைந்தது. அடுத்த நாள் கோரைப்புல்லைச் சுருட்டி எருமையின் முதுகைத் தேய்த்துவிட்டாள். இரண்டு குடம் கிடைத்தது.

மூன்றாம் நாள் மல்லாண்டி வந்துவிட்டான். தலைவியின் கழுத்தில் குறிபார்த்துச் சுருக்குக் கயிற்றை வீசினான். மறுமுனையைக் கரை மரத்தில் சுற்றிக் கட்டினான். எருமை இழுத்தது. இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகியது, கால்கள் சேற்றில் புதைந்தன. நாக்கு வெளியே தள்ளிவிட்டது. கூட்டத்திலிருந்த மற்ற எருமைகள் மிரண்டு விலகின.

"அப்படியே கிடக்கட்டும். திமிர் இறங்கும்" என்றான் மல்லாண்டி. ஊரே கைதட்டியது.

கரையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த வேம்பாயி அரிவாளோடு சேற்றில் இறங்கினாள்.

"ஏம்மா வேம்பாயி!" என்று கத்தினார் ஊர்த்தலைவர். "உன் புருஷனைக் குத்திய எருமை அது! அவிழ்த்துவிட்டால் நம்மையெல்லாம் கொன்றுவிடும்!"

"அது செத்துக்கொண்டிருக்கிறது, ஐயா!"

கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. "கழுத்தைத் தூக்கு" என்றாள். அரிவாள் முனையைப் பார்த்தபடியே எருமை தன் தொண்டையை அவளுக்கு நேராக உயர்த்திக் கொடுத்தது. ஒரே வெட்டு. கயிறு அறுந்து விழுந்தது.

எருமை உதறி எழுந்ததும் ஊர்க்கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. ஊரில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எல்லோரும் உள்ளே இருந்துகொண்டு வேம்பாயியைத் திட்டித் தீர்த்தார்கள்.

பொழுது சாயும் நேரம், தெருவில் குளம்புச் சத்தம் கேட்டது. நாற்பது எருமைகளும் வரிசையாக வந்து வேம்பாயி வாசலில் நின்றன.

"வேம்பாயி, இருக்கிறாயா?"

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷனும் வந்து நின்றான்.

"தண்ணீர் இனி உங்களுக்கும் எங்களுக்கும் பொது" என்றது தலைவி எருமை. "காட்டில் புலி நடமாட்டம். நாங்கள் இங்கே படுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாகப் படுங்கள். ஆனால் ஊரார் பயப்படுவார்கள். உன்னைக் கட்டிவைக்கட்டுமா?"

எருமை தன் கழுத்தை அவளிடம் நீட்டியது. "நீ கட்டு. காலையில் நீயே அவிழ்த்துவிடு."

விடிந்ததும் ஊர் கதவைத் திறந்து பார்த்தது. வேம்பாயி தலைவி எருமையின் முதுகில் உட்கார்ந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் முப்பத்தொன்பது எருமைகள். பெண்கள் குடங்களோடு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர, ஏரிக்கரை முழுக்கக் குலவைச் சத்தம். மல்லாண்டி மிச்சக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடையைக் கட்டினான்.

ஊர்த்தலைவர் வாயெல்லாம் பல்லாக, "அடக்கிவிட்டாயே, தாயி!" என்றார்.

வேம்பாயி பதில் சொல்லுமுன் எருமை முந்திக்கொண்டது: "பழகிக்கொண்டோம் என்று சொல்லுங்கள்."

அன்று முதல்தான், எந்தக் காட்டில் மேய்ந்தாலும் எந்தக் குட்டையில் புரண்டாலும், பொழுது சாய்ந்ததும் எருமை யாரும் கூப்பிடாமலே தன் வீட்டு வாசலைத் தேடி வந்து நிற்கிறது.