கட்டிலில் படுத்த பலாக்காய்

பண்ருட்டிக்கு மேற்கே மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பெரியவன் ஏகாம்பரம், நடுவுள்ளவன் சிகாமணி, கடைசி வேதாசலம். அவர்களுடைய புத்தியைப் பற்றி ஊரே பேசும். என்ன பேசும் என்பது வேறு விஷயம்.

தங்கை அஞ்சலைக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கலியபெருமாள் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "சீர்ல ஒரே ஒரு பலா வைங்க. ரெண்டு ஆள் தூக்குற கனம் இருக்கணும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சலைக்கு அந்த மாப்பிள்ளை மேல் கொள்ளை ஆசை. அவர்கள் கொல்லைப் பலாமரத்திலோ காயெல்லாம் பொடிசு. ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டக்கலை ஆபீசரிடம் ஓடினான்.

"ஒரு காயை விட்டுட்டு மத்ததைக் கழிச்சிடுப்பா. இலை வெயில்ல சமைக்குது, காய் அதைத் தின்னுது. தின்னதுல ஒரு பங்கு மூச்சு விடவே செலவாயிடும், மீதியிலதான் வளரும். அதுக்குச் சிரமம் குடுக்காம பாத்துக்கோ" என்றார் அவர்.

ஒரு காயை விட்டு மற்றதைக் கழித்தார்கள். அதுவரை சரி. அப்புறம், சமைக்கிற இடத்தை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று இலைகளை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டார்கள். காய்க்கு மூச்சு முட்டாமல் வேதாசலம் விசிறிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் சிகாமணிக்குக் கண் கலங்கியது.

"அண்ணே, நீ கொஞ்ச நேரம் கிளையில தொங்கிப் பாரு, கை விட்டுப் போயிடும். இது ராவும் பகலும் தொங்குது. தின்னதெல்லாம் தொங்குறதுக்கே செலவாயிட்டா, எதை வச்சு வளரும்?"

"அதானே. சிரமம் குடுக்காதேன்னு ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு" என்றான் ஏகாம்பரம்.

காயை அறுத்து இறக்கி, கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, தலையணை வைத்துப் போர்த்திவிட்டார்கள். அது வளரவில்லை. சுருங்கிக் கறுத்தது.

"இத்தனை நாள் தொங்குன களைப்பு இப்பத்தான் தெரியுது, பாவம்" என்றான் சிகாமணி.

சீர் எடுக்கும் நாள் வந்துவிட்டது. ஏகாம்பரம் வாய்விட்டு அழுதான். அப்போதுதான் வேதாசலம் கேட்டான்: "அண்ணே, காயை இறக்கிட்டோம், சரி. மரம் இன்னமும் சமைச்சுக்கிட்டுத்தானே இருக்கு? அதை யாரு திங்கிறா?"

மூவரும் யோசித்தார்கள். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கைக்காக இதைக்கூடச் செய்யாதவன் என்ன அண்ணன்? மரமேறி, காயை அறுத்த காம்பைப் புதிதாகச் சீவி வாயில் வைத்துக்கொண்டு, அடிமரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான். பலாப்பால் வழிந்தது. உதடு, மீசை, கை எல்லாம் மரத்தோடு ஒட்டிக்கொண்டன.

இரண்டு ஆட்களோடு கலியபெருமாள் வந்து சேர்ந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பெண்ணெடுக்க இந்த வீட்டைத் தேடிப் பிடித்தவர் அல்லவா, அவர் பார்வையும் அதற்குத் தக்கபடிதான் இருந்தது.

"கனம் சரியா இருக்கு" என்றார். ஏகாம்பரத்தின் சவரம் காணாத கன்னத்தைத் தடவி, "முள்ளுதான் கொஞ்சம் பொடிசு" என்றார். பிறகு அவன் மண்டையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"நல்லாப் பழுத்துடுச்சு. இறக்குங்கடா."

தங்கை கல்யாணம் நின்றுபோகாது என்று தெரிந்ததும் ஏகாம்பரத்துக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. எண்ணெய் தடவிப் பிரித்து, கம்பில் கட்டி இரண்டு பேராகத் தூக்கினார்கள்.

வாசலில் கலியபெருமாள் திரும்பினார். "தலைதீபாவளிச் சீருக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்."

"அதுக்கென்ன சம்பந்தி" என்றான் சிகாமணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறத் தொடங்கினான்.

"அதுக்குள்ள எங்க போற?" என்றான் வேதாசலம்.

"இப்பவே தொங்கினாத்தான்டா தீபாவளிக்குள்ள முத்துவேன்."