அருவித் தெருவில் பதினாறு விருந்தாளிகள்

மூங்கிலருவியில் தண்ணீர் விழுகிற மாசங்களில் உலகம்மைக்கு உட்கார நேரம் இருக்காது. வீரமருத மன்னரின் நாட்டில் எந்த மூலையில் இருப்பவர்களும் அந்த அருவியில் குளிக்க வருவார்கள். அருவிக்குப் போகிற தெருவில் மொத்தம் பதினாறு வீடு. எல்லோரும் பின்கட்டில் குடியிருந்துகொண்டு, முன்கட்டை நாள் வாடகைக்கு விடுவார்கள்.

மாசி பிறந்தால் அருவி வெறும் பாறை. அப்புறம் ஆனி வரைக்கும் தெருவில் ஈ காக்கை கிடையாது. உலகம்மை முன்கட்டில் அப்பளம் காயப்போடுவாள். பக்கத்து வீட்டுச் சொர்ணம் கோழி அடைவைப்பாள். அப்படியே காலம் தள்ளுவார்கள்.

அந்த வருஷம் பங்குனியில் குதிரைப்படைத் தலைவர் நல்லபெருமாள் அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தார். மலையடிவாரத்துக் காற்று உடம்புக்குச் சுகமாக இருந்தது. குதிரைகளுக்கும் சுகமாக இருக்குமே என்று தோன்றியது. நேரே மன்னரிடம் போனார்.

"மகாராஜா, அருவித் தெருவில் பதினாறு முன்கட்டு சும்மா கிடக்கிறது. பல்லிதான் குடியிருக்கிறது. நம் குதிரைகளைக் கட்டலாமே."

"காலியாக இருந்தால் கட்டிக்கொள்ளும்" என்றார் மன்னர். "பௌர்ணமியன்று நானே வந்து பார்ப்பேன். விருந்தாளி இருக்கிற வீட்டைத் தொடக்கூடாது."

"சொந்தபந்தத்தைக் கூட்டிவைத்து ஏமாற்றுவார்கள், மகாராஜா. உறவில்லாத ஆளாக இருக்கவேண்டும். வாடகை கொடுக்கவேண்டும். மூன்று நாளாவது தங்கியிருக்கவேண்டும்."

"அப்படியே எழுதும்."

அந்த ஓலையைத் தெருவில் படித்துக்காட்ட மயிலேறி வந்தார். சபையில் மன்னருக்கு யோசனை சொல்கிறவர். அவர் படித்து முடித்ததும் தெருவே அவரைச் சூழ்ந்துகொண்டது. ஒருமுறை லாயமான வீட்டில் எந்த விருந்தாளி வந்து படுப்பான்?

உலகம்மைதான் முதலில் பேசினாள். "ஐயா, அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வெயிலில் விருந்தாளிக்கு நாங்கள் எங்கே போவோம்?"

மயிலேறி ஓலையை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். "உறவில்லாத ஆள், வாடகை, மூன்று நாள். எந்த ஊர்க்காரர் என்று எழுதவில்லையே. உலகம்மை, உனக்கும் சொர்ணத்துக்கும் உறவு உண்டா?"

"பேச்சுவார்த்தையே கிடையாது, ஐயா."

"ரொம்ப நல்லது. நீ அவள் வீட்டில் தங்கு. அவள் உன் வீட்டில் தங்கட்டும். வாடகை ஒரு படி அரிசி. தெரு முழுக்க இதே மாதிரி, வீட்டுக்கு ஒருவர். ஆனால் ஒன்று. யாரும் நடிக்கக்கூடாது. நிஜமாகவே தங்கவேண்டும்."

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னதாக உலகம்மை ஒரு படி அரிசியும் ஒரு மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சொர்ணத்தின் வீட்டுக்காரர் பிச்சாண்டி வாசலில் நின்று, "வாங்க, பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" என்று கேட்டார். தொழில் பழக்கம்.

பௌர்ணமியன்று காலையில் மன்னர் வந்தார். கூடவே நல்லபெருமாள், மயிலேறி. முதலில் நுழைந்தது பிச்சாண்டி வீட்டில்.

"எந்த ஊர், அம்மா?" என்றார் மன்னர்.

உலகம்மை எழுந்து கும்பிட்டாள். "பக்கத்து வீடு, மகாராஜா."

நல்லபெருமாள் துள்ளினார். "பார்த்தீர்களா? நாளைக்கே தன் வீட்டுக்குப் போய்விடுவாள்."

"விருந்தாளி என்றாலே தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்தானே" என்றார் மயிலேறி.

மன்னர் சிரிக்கவில்லை. "ஓலைக்குச் சரி, மயிலேறி. ஆனால் இது நாடகமென்றால் பதினாறு வீடும் இன்றைக்கே லாயம்தான்."

"அவளிடமே கேளுங்கள், மகாராஜா. தங்கிய இடம் எப்படி என்று."

நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடத்தான் உலகம்மை வாயைத் திறந்தாள். ஆனால் மூன்று நாள் பட்ட பாடு முந்திக்கொண்டது.

"கட்டிலில் ஒரு கால் குட்டை, மகாராஜா. புரண்டு படுத்தால் வீடே சாய்கிற மாதிரி இருக்கிறது. வெந்நீர் கேட்டால் 'இதோ' என்கிறார். அந்த 'இதோ' வருவதற்குள் வியர்வையிலேயே குளித்துவிட்டேன். தலைமாட்டில் கோழி வேறு."

பிச்சாண்டி முகம் சுண்டிப்போனது.

அடுத்து உலகம்மை வீடு. அங்கே சொர்ணம் மன்னர் கேட்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "ஜன்னலைத் திறந்தால் அருவி தெரியும் என்றார்கள், மகாராஜா. திறந்தேன். எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. மெத்தையெல்லாம் அப்பள வாசனை."

வாசலில் நின்ற உலகம்மைக்குச் சுருக்கென்றது. வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஜன்னலைத்தான் அவள் பெருமையாகச் சொல்வாள். ஒருநாளும் விருந்தாளியாக நின்று அதைத் திறந்து பார்த்ததில்லை.

பதினாறு வீட்டிலும் இதே கதை. கொசு, ஒழுகும் பானை, தண்ணீர் ரசம், எண்ணெய் போடாத கதவு. கடைசி வீட்டுக்கு வரும்போது மன்னர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"மயிலேறி, உம் ஆட்களே உம்மைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒருத்தர்கூட ஒரு வீட்டையும் நல்லதாகச் சொல்லவில்லையே."

"அதுதான் சாட்சி, மகாராஜா. வேஷம் போட்டவர் என்றால் புகழ்ந்திருப்பார். வாடகை கொடுத்தவர்தான் குறை சொல்வார்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையை நல்லபெருமாள் கையிலிருந்து வாங்கிக் கிழித்தார். குதிரைகளை ஆற்றங்கரைத் தோப்பில் கட்டச் சொன்னார். சாரல் காலம் தொடங்கி அருவி விழுமுன் தெருவின் குறைகளையெல்லாம் சரிசெய்ய அரண்மனைத் தச்சர்களையும் கொத்தர்களையும் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்.

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொர்ணத்தைப் பார்த்தாள். "நீ சொன்னது அத்தனையும் நிஜம்தான்" என்றாள். இரண்டு வருஷத்தில் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

"உமக்கு என்ன வேண்டும், மயிலேறி?" என்றார் மன்னர். "வருகிற சாரலுக்கு இங்கேயே ஒரு வீடு எடுத்துத் தரட்டுமா?"

மயிலேறி கைகூப்பினார். "அரண்மனையிலேயே குளித்துக்கொள்கிறேன், மகாராஜா. பதினாறு வீட்டைப் பற்றியும் கேட்டுவிட்டேன்."