புரியலை என்ற தேர்வாளர்

முருங்கைக்கீரை உருவுகிற கையோடுதான் இதைச் சொல்கிறேன். நான் சமையல் செய்கிற ஆசிரியர் பயிற்சி மையத்தில் நடந்தது.

அல்லிராணி டீச்சர் கணக்குப் பாடத்தில் உயர்நிலைச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அது கிடைத்தால்தான் சொந்த ஊருக்கு மாற்றல். அவர் மகள் அங்கே இருந்தாள். தேர்வாளர் பொன்னுரங்கம் லேசில் யாரையும் தேற விடமாட்டார்.

"நான்தான் மாணவன். பின்னம் கூட்டக் கத்துக்கொடும்மா. எனக்குப் புரிஞ்சா சான்றிதழ்" என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

டீச்சர் படம் போட்டார், காகிதம் மடித்தார், என்னிடம் தோசை வாங்கிப் பிய்த்தும் காட்டினார். எல்லாவற்றுக்கும் அவர், "புரியலையே டீச்சர்" என்று சின்னப்பிள்ளை மாதிரி இளித்தார்.

"சரி சார், லேசான வழி சொல்றேன்." பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் எழுதினார் டீச்சர். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டார்.

பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். "ஐயையோ தப்பு! கீழே ஒண்ணாக்காம கூட்டலாமா? ஆறில் அஞ்சும்மா!" சாக்பீஸைப் பிடுங்கித் தானே போட்டுக் காட்டினார். பலகையில் தப்பைப் பார்த்துவிட்டு எந்த வாத்தியாரால் சும்மா இருக்க முடியும்?

"புரிஞ்சிடுச்சா சார்?" என்றார் டீச்சர்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வராண்டாவே சிரித்தது. சான்றிதழோடு டீச்சர் மகளிடம் போய்விட்டார்.

எனக்குத்தான் அந்த ஆறு எங்கிருந்து வந்ததென்று இன்னும் தெரியவில்லை. அஞ்சாவதோடு நின்றவள், கேட்க வெட்கம். ஒருநாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பொய்யில்லாமல், "புரியலை டீச்சர்" என்று சொல்லணும். டீச்சரும் என் பக்கம் திரும்பி, முதலிலிருந்து... இதோ, "செங்கமலம், புள்ள முழிச்சிருச்சு பாரு" என்று அத்தை கூப்பிடுறாங்க, நான் போய்...